கோட்டைக்கு வெளியே இரண்டு பேட்டைகள்

கொழும்பின் புறக்கோட்டையும் சென்னையின் ஜார்ஜ் டவுனும் ஒரே காரணத்தால் உண்டானவை. ஐரோப்பியர் கோட்டைக்குள் இருந்தார்கள். அவர்களோடு வாங்கி விற்றவர்கள் மதிலுக்கு வெளியே குடியேறினார்கள். இரண்டுக்கும் துறைமுகம் கூப்பிடு தூரம். கோவில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றையும் இரண்டிலும் ஒரே காலையில் நடந்து பார்த்துவிடலாம். ஆனால் அந்த நடை இரண்டு ஊரிலும் ஒன்றாக இல்லை.

1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் புறக்கோட்டைத் தெருக்களை நேர்கோட்டில் அமைத்தார்கள். முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று எண்ணிக்கொண்டே போகலாம். புதிதாக வருபவருக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்களுக்காக 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. கெய்சர் தெருவில் துணி, கபோஸ் ஒழுங்கையில் நாட்டு மருந்துச் சரக்கு, செட்டியார் தெருவில் தங்கம். சுமை தூக்கும் நாட்டாமிகள் கைவண்டியோடு வரும்போது ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டால் போதும். மற்றதைத் தெருவே காட்டிவிடும்.

ஜார்ஜ் டவுனில் எண்கள் உதவாது. தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி, அங்கப்ப நாயக்கன், தேவராஜ முதலி என்று மனிதர்களின் பெயரில் தெருக்கள். யார் இவர்கள் என்று சொல்ல ஆள் வேண்டும். இங்கே கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாமல் போனது அதிகம். கோட்டையை ஒட்டி, மதிலுக்கு வெளியே முதலில் உண்டான பேட்டையான ‘கறுப்பர் நகரம்’ இன்று இல்லை. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊர் திரும்பக் கைக்கு வந்தபின், பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டுமென்று ஆங்கிலேயர்களே மிச்சத்தையும் அகற்றினார்கள். 1892இல் திறந்த உயர் நீதிமன்றம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. அங்கே இருந்த கோவிலை இழந்த சென்னகேசவப் பெருமாளுக்குப் பின்னர் பூக்கடைப் பக்கம் புதுக்கோவில் எழுந்தது. சென்னமல்லீசுவரர் அவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்.

அரண்மனைக்காரத் தெருவில் 1772ஆம் ஆண்டு ஆர்மீனியத் தேவாலயத்தின் கதவு தெருவோடு ஒட்டியிருப்பதால் கவனிக்காமல் கடந்துவிடலாம். உள்ளே போனால் கல்லறைக் கற்கள் பாவிய முற்றம். உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இங்கே இருக்கிறது. அச்சுக்கூடங்களும் காகிதக் கடைகளும் நிறைந்த ஆண்டர்சன் தெரு கொஞ்ச தூரத்தில் இருக்கும் இந்தப் பேட்டையில், அந்தக் கல்லறை முன் நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் பெருமிதமாக இருக்கிறது.

இப்படிச் சொல்ல ஆள் தேவைப்படுவதால்தான் சென்னையில் மரபு நடைகள் வேரூன்றின என்று நினைக்கிறேன். 2004 முதல் ஆகஸ்டில் சென்னை நாள் கொண்டாடப்படுகிறது. அதையொட்டிய நடைகளில், கந்தகோட்டத்து முருகன் கோவில் வாசலில் ஒருவர் வள்ளலாரின் இளமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கூட்டத்திலிருந்து இன்னொருவர் தம் தாத்தா கடை வைத்திருந்த கதையை எடுப்பார். ஊர்க்காரர்கள் தங்கள் ஊரையே சுற்றிப் பார்க்கிறார்கள். குறை ஒன்று உண்டு. பல நடைகள் கடை திறவாத ஞாயிறு விடியலில் நடக்கின்றன. நடப்பது சுகம்தான், ஆனால் வியாபாரம் இல்லாத ஜார்ஜ் டவுன் பாதி ஜார்ஜ் டவுன். கொத்தவால் சாவடிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனபிறகு, மிச்சமிருக்கும் கோடவுன் தெருத் துணி மூட்டைகளையும் தேவராஜ முதலித் தெருக் கண்ணாடிக் கடைகளையுமாவது இயங்கும்போது பார்க்க வேண்டாமா?

கொழும்பில் நிலைமை நேர்மாறு. தெரு நிறைய உயிர் இருக்கிறது. சொல்வதற்குத்தான் ஆள் குறைவு. என் கண்ணில் பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் வெளிநாட்டவரை அழைத்துக்கொண்டு சிவப்புப் பள்ளிவாசல், ஒல்லாந்தர் அருங்காட்சியகம், 1757இன் வுல்ஃபெண்டால் தேவாலயம் என்று கட்டடம் கட்டடமாகப் போகிறார்கள். 1983 ஜூலையில் இதே தெருக்களில் தமிழர் கடைகள் எரிந்தன. அதை நினைவூட்டும் ஒரு சொல்லும் அந்த நடைகளில் என் காதில் விழுந்ததில்லை. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய ஒல்லாந்தர் வீட்டைப் பற்றி விரிவாகப் பேச முடியுமானால், எரிந்து மீண்டும் திறந்த கடையைப் பற்றியும் பேச முடிய வேண்டும். செட்டியார் தெருவில் வளர்ந்த தமிழர் ஒருவர், தமிழிலும் சிங்களத்திலும், இந்த ஊர்ப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்து சொல்ல வேண்டிய கதை அது.

ஆனாலும் இரண்டு பேட்டைகளுக்கும் மரபு நடையைவிடப் பழைய நடை ஒன்று உண்டு. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலிலிருந்து புறப்படும் தேர் காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்குப் போகிறது. புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோவிலிலிருந்து திருப்பதிக் குடைகள் கிளம்புகின்றன. அவை யானைக்கவுனியைத் தாண்டுவதைக் காணத் தெருவெல்லாம் தலைகள். பின்னால் நடப்பவர்களுக்கு எந்த முனையில் தண்ணீர்ப் பந்தல், எந்தக் கடைக்காரர் தேங்காய் உடைப்பார், எந்த வீட்டு வாசலில் நிற்க இடம் கிடைக்கும் என்று தெரியும். இந்த இரண்டு பேட்டைகளையும் முதன்முதலாகப் பார்க்க வருபவருக்கு நான் சொல்லும் நாட்கள் இவைதான். அன்று சுற்றிவிட்டு, சாதாரண வேலைநாள் ஒன்றில் காலை பத்து மணிக்குத் திரும்ப வாருங்கள். இம்முறை வேடிக்கை பார்க்காமல், துணியோ காகிதமோ மருந்துச் சரக்கோ, வாங்க வேண்டிய பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டு கடை கடையாக விசாரித்து நடங்கள்.