வரிக்குள் விழும் நிறம்

கணனி என்று எழுதியிருந்ததைக் கணினி என்று திருத்துகிறீர்கள். பத்து வரிப் பந்தியில் ஒரேயொரு இகர விசிறிதான் கூடியிருக்கிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிடும் மென்பொருளிடம் கொடுத்துப் பாருங்கள். சோம்பேறி மென்பொருள் பந்தி முழுவதையும் சிவப்பாக்கி, அதன் கீழ் அதே பந்தியை முழுவதும் பச்சையாக்கி, இனி உன் பாடு என்று ஒதுங்கிவிடும். கொஞ்சம் பொறுப்பானது ‘கணினி’ என்ற சொல்லில் மாத்திரம் நிறத்தை வைக்கும். கைதேர்ந்தது, சொல்லுக்கு ஒரு மெல்லிய சாயலைப் பூசி, ‘ணி’ என்ற எழுத்தில் மட்டும் நிறத்தை அடர்த்தியாக்கும். இந்த மூன்றாவது வேலையை ரசிக்கத் தெரிந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அச்சுப்படி பார்த்துப் பிழைப்பவர்களுக்குள் சிலராவது இருப்பார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

இயந்திரம் வருமுன்பே இந்தக் கலைக்கு நம்மிடம் ஆள் இருந்தது. பத்திரிகைக் காரியாலயங்களில் ஒப்புநோக்காளர் என்று ஒருவர் இருப்பார். ஈய எழுத்துக் காலத்தில் ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்படியில் கண்ணை ஓட்டிச் சிவப்பு மையால் சுழிப்பார். அவர்களுக்கும் முன்னால் ஏட்டுச்சுவடியோடு மல்லுக்கட்டியவர்கள் இருக்கிறார்கள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றிய அதே 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். ஒரு சுவடியில் ஒரு சொல், இன்னொரு சுவடியில் வேறொரு சொல். உ. வே. சா. பதிப்புகளின் அடிக்குறிப்பில் வரும் பிரதிபேதங்களைப் பாருங்கள்: செய்யுள் முழுவதையும் திரும்ப அச்சிடமாட்டார், மாறிய சொல்லை மாத்திரம் எடுத்து வைப்பார். எதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று தெரிந்திருப்பதில்தான் இந்தக் கலையின் அழகு பாதி இருக்கிறது.

கணினிக்கு அந்த அடக்கம் பிறவியிலேயே வாய்க்கவில்லை. பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் மக்கில்ரோய் யுனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதிய ஒப்பீட்டு நிரலான ‘டிஃப்’ வரியைத்தான் அலகாகக் கொண்டது. அதன் சூத்திரத்தை ஜேம்ஸ் ஹண்டும் அவரும் 1976இல் அறிக்கையாக எழுதினார்கள். 1986இல் யூஜின் மையர்ஸ் வேகமான வழியொன்றைச் சொன்னார். அடிப்படை ஒன்றுதான்: இரண்டு கோப்பிலும் வரிசை குலையாமல் பொதுவாக வரும் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடி, அதில் அகப்படாததெல்லாம் மாற்றம். நிரல் எழுதுகிறவர்களுக்கு வரி என்பது நாலைந்து சொல். அது மாறினால் முழுவதையும் பார்த்துவிடலாம். நம் உரைநடையில் ஒரு பந்தியே கோப்பில் ஒரு வரியாகக் கிடக்கும். அங்கே வரியை அலகாக வைத்தால் கண் செத்துவிடும்.

அதனால்தான் வரிக்குள் இறங்கும் கருவிகள் வந்தன. கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் கிட் மென்பொருளோடு வரும் ‘டிஃப்-ஹைலைட்’ என்ற சின்னஞ்சிறு நிரல் எனக்குப் பிடித்தமானது. மாறிய வரியின் பழைய வடிவையும் புதிய வடிவையும் பக்கத்தில் வைத்து, முன்னாலிருந்து ஒத்துப்போகிற பகுதியைக் கழிக்கும், பின்னாலிருந்து ஒத்துப்போகிற பகுதியையும் கழிக்கும், நடுவில் மிஞ்சுவதற்கு நிறம் கொடுக்கும். அவ்வளவுதான். வரியின் தொடக்கத்தில் ஒரு திருத்தமும் கடைசியில் ஒரு திருத்தமும் இருந்தால் நடுவிலுள்ள நல்ல சொற்களும் சேர்ந்து நிறம் வாங்கும். அது அதன் குறை. ஆனால் ஒன்று: இரண்டு வரிக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லையென்றால் அது எந்த நிறமும் பூசாமல் சும்மா இருந்துவிடும். இந்த இடத்தில்தான் அதை எழுதியவரின் ரசனை தெரிகிறது.

தமிழுக்கு வரும்போது கதை வேறு. கொழும்பில் கல்யாண அழைப்பிதழ் அச்சடித்த எவருக்கும் ஒரு திருத்தம் பழக்கமானது: ‘ஆனி’ என்பதை ‘ஆவணி’ ஆக்குவது. மண்டபம் கிடைக்காது, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது, நடுவில் ஆடி வந்து நிற்கும். இந்த இரண்டு சொல்லையும் குறியீட்டெண் வாரியாக ஒப்பிடும் கருவி என்ன செய்யும்? ஆ பொது. கடைசி விசிறியும் பொது. நடுவில் ன போய் வ, ண வந்திருக்கின்றன. ஆகவே வ, ண இரண்டுக்கும் நிறம் பூசி, விசிறியை நிறமில்லாமல் விட்டுவிடும். ‘ணி’ என்ற எழுத்து இரண்டாகக் கிழிகிறது. சில திரைகளில் அந்த விசிறி தனித்துப்போய்ப் புள்ளிவட்டமொன்றில் தொங்கும். னகரத்திலிருந்து விசிறியைக் கழற்றி ணகரத்தில் மாட்டியதாக மென்பொருள் நினைக்கிறது. மணமகளின் தகப்பன் அப்படியா நினைத்தார்? ஒரு மாதத்தை எடுத்துவிட்டு இன்னொரு மாதத்தை வைத்தார். இங்கே நிறம் சொல் முழுவதற்கும் விழவேண்டும். தலைப்பெழுத்து க. என்பது கா. ஆகும்போதோ, எழுத்துக்கு மாத்திரம் விழவேண்டும். தற்செயலாக ஒத்துப்போகும் துணுக்குகளை உண்மையான ஒற்றுமையாக எண்ணாமல் சேர்த்துவிடும் உத்தி வெளியே இல்லாமலில்லை. நீல் ஃபிரேசர் 2006இல் கூகுள் டொக்ஸுக்காக உருவாக்கிய ஒப்பீட்டு நூலகத்தில் அது உண்டு. ஆனால் உயிர்மெய்யை உடைக்காமல் அதைச் செய்யும் கருவி அரிது.

எனக்கு அதிக இன்பம் தருவது இன்னொரு இடம்: கண்ணுக்கு ஒன்றாகவும் கோப்புக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். கௌரி என்பதை நேராக ஔகாரக் குறியோடு தட்டலாம். கொம்பு, க, ள என்று ளகரத்தைச் சேர்த்தும் தட்டலாம்: கெளரி. அச்சில் பெரும்பாலான எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. பாமினி எழுத்துருவில் பழகிய விரல்களுக்கு இரண்டாவதுதான் இயல்பு. அப்படித் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றும்போதும் இந்த ளகரம் தப்பிப் போகும். பிறகு கோப்பில் கௌரியைத் தேடினால் கிடைக்கமாட்டாள். நாலு பேர் வாசித்தும் அகப்படாத இந்தப் பிழையில் நிறம் பளிச்சென்று விழும்போது கிடைக்கும் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? ஸ்ரீ இன்னும் வேடிக்கை. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவமாகத்தான் காட்டும். கோயில் அழைப்பிதழில் ஒரு பக்கத்தில் ஒன்றும் மறுபக்கத்தில் மற்றதுமாக வந்தால் பக்தருக்கு நட்டமில்லை, தேடுகிறவனுக்குத்தான் நட்டம்.

இதற்கு நேர்மாறானது ஒகரம். கொழும்பு, கொட்டாஞ்சேனை இரண்டின் முதலெழுத்தையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது கொம்பும் அரவும் தனித்தனியாக வைக்கலாம். யூனிகோட் நியமப்படி இவை இரண்டும் சமம். நல்ல கருவி இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஒப்பிடத் தொடங்கும். அப்படிச் செய்யாத கருவியிடம் கொடுத்தால் ஒரு எழுத்தும் மாறாத பக்கத்தில் கொழும்பு வருமிடமெல்லாம் நிறம் பூசிவைக்கும். கௌரியில் கண்ணைத் திறக்கவேண்டும், கொழும்பில் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். இரண்டையும் செய்யத் தெரிந்த கருவிதான் தமிழ் தெரிந்த கருவி.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு மினக்கெடவேண்டுமா என்று கேட்கலாம். ஓரிரு சொல் மாறுவதும் பெரிய விஷயமாகலாம். ஆனந்த சமரக்கோன் ஆக்கிய இலங்கைத் தேசிய கீதத்தில் முதலடியின் தொடக்கச் சொற்கள் அபசகுனம் என்று சொல்லி 1961இல் மாற்றினார்கள். ஆக்கியவர் கடைசிவரை அதை ஏற்கவில்லை. நமது திருத்தச் சட்டமூலங்களைப் பாருங்கள்: இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்களை இடுவதன் மூலம் இத்தால் திருத்தப்படுகின்றது என்றுதான் எழுதியிருக்கும். மூலச் சட்டத்தைப் பக்கத்தில் விரித்து வைக்காமல் எது போனது, எது வந்தது என்று யாருக்கும் விளங்காது. அமெரிக்கக் கீழவையில் 1929 முதல் ராம்சேயர் விதி என்று ஒன்று இருக்கிறது: சட்டத்தைத் திருத்தும் மசோதாவோடு வரும் குழு அறிக்கையில், நீங்கும் சொல்லையும் சேரும் சொல்லையும் வேறுபடுத்தி அச்சிட்டுக் காட்டவேண்டும். அப்படியொன்று இங்கே தமிழில் வந்தால் முதலில் வாசிக்கிறவன் நானாக இருப்பேன்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்கள் பல உண்டு. விக்கிப்பீடியா பழைய வடிவுக்கு மஞ்சளும் புதிய வடிவுக்கு நீலமும் வைத்திருப்பது அதனால் எனக்கு உவப்பு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தக் கட்டுரையின் வரலாற்றையும் திறந்து, அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒற்று சேர்ப்பவரையும் அதே ஒற்றை மறுநாள் நீக்குபவரையும் அங்கே நேரில் சந்திக்கலாம். நல்ல பொழுதுபோக்கு.

கருவி எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: விலையையும் பெயரையும் பார்க்காதீர்கள். கணனி, ஆனி, கெளரி, கொம்பும் அரவும் பிரித்துச் சேமித்த கொழும்பு என்ற நாலு சொல்லை ஒரு வரியில் எழுதி, அவற்றைத் திருத்திய வரியையும் பக்கத்தில் கொடுங்கள். முதலாவதில் ‘ணி’ மாத்திரம், இரண்டாவதில் சொல் முழுவதும், மூன்றாவதில் ‘கௌ’, நாலாவதில் ஒன்றுமில்லை. இப்படி நிறம் விழுந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். ணகரத்திலிருந்து விசிறி பிரிந்து நின்றால், எவ்வளவு புகழ் பெற்ற மென்பொருளாக இருந்தாலும் தமிழுக்கு அது ஆகாது.