திரளாத துளியும் 48 லட்சம் எழுத்துகளும்

கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புநீர். அதில் கிருமியைக் குழைத்து, குறிப்பிட்ட கிருமி வகையோடு பிணையும் எதிர்சீரம் ஒரு துளி சேர்த்து, தகட்டை மெல்லச் சாய்த்துப் பார்க்கிறார் ஆய்வகப் பணியாளர். சற்று நேரத்தில் பால் திரிவதுபோல் துகள் துகளாகத் திரண்டால், எதிர்சீரம் பொருந்திவிட்டது. உணவு வழியே பரவும் சால்மோனெல்லா கிருமியின் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் அடையாளம் பெற்றது இந்த எளிய சோதனையால்தான்.

அரிய வகைகளில்தான் அது திணறுகிறது. அவற்றுக்கான எதிர்சீரங்களை எல்லாம் வைத்துப் பராமரிப்பது பெரிய மையங்களுக்கே முடியும். சில கிருமிகளோ வெறும் உப்புநீரிலேயே திரண்டு சோதனையைக் குலைத்துவிடும். மரபணு வாசிப்புக்கு இந்தத் தடை இல்லை; கிருமியின் மரபணுத் தொகுப்பிலுள்ள சுமார் 48 லட்சம் எழுத்துகளிலிருந்தே வகையைக் கணிக்கலாம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார ஆய்வகம் 2014-லும், அமெரிக்காவின் பல்ஸ்நெட் எனும் கிருமிக் கண்காணிப்பு வலையமைப்பு 2019-லும் இம்முறைக்கு மாறின.

இதன் வலிமையை பிரான்ஸ் கண்டது. 2017 இறுதியில் அங்கே 30-க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் அகோனா என்ற சால்மோனெல்லா வகைத் தொற்றால் நோயுற்றனர். எல்லாத் தடயங்களும் க்ரான் நகரத்துப் பால்மாவு ஆலையைக் காட்டின. 2005-லும் அதே ஆலை, அதே அகோனா, நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். இரண்டும் ஒரே கிருமியா? வகைப்பெயர் மட்டும் விடை சொல்லாது. பாஸ்டர் நிறுவனம் மரபணுக்களை ஒப்பிட்டது: இரண்டும் ஒரே திரிபு. ஆலைக்குள் அது ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்தது அதன்பிறகே உறுதியானது.

ஆனால், பழைய கிருமி சேமிப்பில் இல்லாதிருந்தால் ஒப்பிட என்ன இருந்திருக்கும்?

இம்முறையின் பலவீனமும் அங்கேதான். அரிய வகைகளின் மாதிரிகள் தரவுத்தளத்தில் குறைவு, ஒப்பீடு தடுமாறும். மரபணு இருப்பதாலேயே கிருமி அதை வெளிப்படுத்துகிறது என்று சொல்ல முடியாது. எத்தனை எழுத்து வேறுபட்டால் வேறு திரிபு என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான அளவுகோலும் இல்லை. மரபணு ஒத்துப்போனால் மட்டும் போதாது; உணவு எங்கே வாங்கப்பட்டது என்ற விசாரணை கூடவே நடக்க வேண்டும். கருவி, வேதிப்பொருள், கணினித் திறன் எல்லாவற்றுக்கும் செலவு.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. பல மருத்துவமனைகள் கிருமியின் மரபணுத் தடயத்தை மட்டும் தேடும் விரைவுப் பிசிஆர் சோதனையின் முடிவோடு நின்றுவிடுகின்றன, கிருமியை வளர்ப்பதில்லை. அப்படி விடுபடும் மாதிரியில் அரிய வகை இருந்தாலும் எவரும் அறியப்போவதில்லை. பிசிஆர் ‘உண்டு’ என்று காட்டிய ஒவ்வொரு மாதிரியையும் வளர்த்து உறைநிலையில் சேமிக்கும் செலவையும் சோதனைக் கட்டணத்திலேயே சேர்த்தாக வேண்டும்.