திறப்பு விழாவுக்குப் பிறகு

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கிரைஸ்டேல் என்றொரு காடு. அங்கே சிற்பிகளை வரவழைத்து, தங்கவைத்து, வேலைசெய்ய விடும் வழக்கம் 1977இல் தொடங்கியது. காட்டிலேயே கிடைக்கும் மரமும் கல்லுமே பெரும்பாலும் மூலப்பொருள். இடம்சார் நிறுவல் கலை காட்டுக்குள் வேரூன்றிய கதையில் கிரைஸ்டேலுக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் அது அரசு வனத்துறை வளர்த்த காடு. மரங்கள் முற்றினால் வெட்டப்படும். ஓர் இடத்துக்கென்றே படைப்பு செய்தபின் அந்த இடமே மாறிப்போனால் படைப்பு என்னவாகும்? இந்தத் துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் உருவத்தையும் அழகையும் விரிவாகப் பேசிவிட்டு, இந்தக் கேள்வியைக் கடைசிப் பத்தியில் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அதுதான் முதல் கேள்வி என்பது என் கருத்து.

சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி 1984இல் கிரைஸ்டேலில் ‘ஏழு கோபுரங்கள்’ செய்தார். பைன் தண்டுகளைச் சேர்த்து, பைன் மரங்களின் நடுவே கூராக மேலெழ நிறுத்தினார். சுற்றியுள்ள மரங்களின் உயரமே அதன் பாதி அர்த்தம். அவை இல்லாவிட்டால் அது வெறும் கட்டைக் குவியல். 1990இல் அதே காட்டில் அவர் எழுப்பிய சுவர் வேறு வகை. சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்குவது அந்த வட்டாரத்தின் பழைய தொழில். வேலிச்சுவர் நேராக ஓடி நிலத்தைப் பிரிக்கும். இவர் சுவரோ ஒவ்வொரு மரத்துக்கும் வழிவிட்டு வளைந்து வளைந்து போனது. மரத்தில் ஓர் ஆணிகூட அடிக்காமல், மரம் இருக்கும் இடத்தையே வடிவத்தின் காரணமாக்கிய வேலை அது.

டேவிட் நாஷ் இன்னும் துணிந்தவர். வேல்ஸில் 1977இல் 22 ஆஷ் மரக்கன்றுகளை வட்டமாக நட்டார். உயிர்வேலி கட்டும் விவசாயிகளைப் போலத் தண்டில் வெட்டு போட்டு, வளைத்து, கட்டி, ஆண்டுக்கணக்கில் பழக்கினார். மரங்கள் சுழன்றெழுந்து ஒரு கூடாரமாயின. இருபத்தோராம் நூற்றாண்டை மனதில் வைத்து நட்ட சிற்பம் அது. அந்த நூற்றாண்டு வந்தபோது ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோயும் வந்தது. நாஷ் மரங்களைச் சாகவிட்டார். வெளிவட்டமாக ஓக் கன்றுகளை நட்டார். 1978இல் அவர் ஓக் மரத்தில் செதுக்கிய பெரிய உருண்டையின் கதையும் இப்படித்தான். ஓடைவழியே பட்டறைக்குக் கொண்டுவர நினைத்தார். அது நடுவழியில் சிக்கிக்கொண்டது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார். வெள்ளம் வந்தபோதெல்லாம் அது நகர்ந்தது. 2003இல் கழிமுகத்தை அடைந்தது. பிறகு கண்ணில் படாமல் போய், 2013இல் மீண்டும் தென்பட்டது. அந்த உருண்டையை எங்கேனும் கலைக்கூடத்தில் வைத்திருந்தால் நல்ல மரவேலை என்ற அளவில் நின்றிருக்கும்.

இதற்கு எதிர்த்திசையில் ஒன்று, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் ஓமா காடு. அகுஸ்தின் இபரோலா 1980களில் பைன் தண்டுகளின்மேல் வண்ணம் தீட்டினார். ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நின்று பார்த்தால், தள்ளித் தள்ளி நிற்கும் மரங்களின் கோடுகள் சேர்ந்து ஒரே உருவமாகும். ஓரடி நகர்ந்தால் கலைந்துவிடும். மரங்களுக்கிடையிலான தூரம்தான் அங்கே ஓவியத் திரை. அந்த மரங்களை நோய் தாக்கியது. காட்டை மூடினார்கள், அருகில் வேறொரு தோப்பைத் தேர்ந்து, உருவங்களை மறுபடி தீட்டி, 2023இல் திறந்தார்கள். அந்த ஆண்டிலேயே இபரோலா மறைந்தார். மக்கள் நேசித்த ஒன்றைக் கைவிடாமல் காத்த உழைப்பை மதிக்கிறேன். எனினும் அது பழைய ஓமா அல்ல. தூரங்கள் மாறின, சரிவு மாறியது, வெளிச்சம் மாறியது. இடத்தால் ஆன படைப்பை இடம் பெயர்த்தபின் கிடைப்பது அதன் நினைவுச்சின்னம்.

இத்தாலியில் ஒரு பள்ளத்தாக்கிலுள்ள ஆர்த்தே செல்லா என்ற திறந்தவெளிக் கலைப்பூங்காவில் ஜூலியானோ மவுரி 2001இல் எழுப்பிய ‘தாவரத் தேவாலயம்’ முடிவை முன்கூட்டியே எண்ணிச் செய்தது. எண்பது தூண்கள், ஒவ்வொன்றும் கம்பும் கிளையும் பின்னிய கூடு, உள்ளே ஒரு கன்று. கூடு மட்கும், மரம் தூணாகும். 2018 அக்டோபரில் வந்த வையா புயல் அந்தப் பள்ளத்தாக்கின் காடுகளைச் சாய்த்தது. ஆர்த்தே செல்லாவும் தப்பவில்லை. பின்லாந்தில் ஆக்னஸ் டெனெஸ் 11,000 பேரைக்கொண்டு 11,000 மரங்களை நட்ட குன்றுக்கு 400 ஆண்டுப் பாதுகாப்பு உறுதி இருக்கிறது. அவ்வளவு நீண்ட வாக்குறுதியைத் தலைமுறைகள் காப்பாற்றினால்தான் அந்தப் படைப்பு முழுமையடையும்.

காட்டுக்குக் கலைஞரை அழைக்கும் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள்: முதல் ஒப்பந்தத்திலேயே மூன்றைக் கலைஞரோடு பேசி எழுதிவையுங்கள். பத்தாண்டுக்குப் பின் அந்தப் படைப்பைப் பார்த்துக்கொள்வது யார், சுற்றியுள்ள மரங்களை வெட்டும் முன் யாரைக் கேட்பது, எந்த நிலையில் அதைக் காட்டிடமே விட்டுவிடுவது. திறப்பு விழாச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.