ஒரே குலம், இரண்டு வீடு

திருப்பூர் தாராபுரம் ரோட்டில் ஓடும் வட்ட நிட்டிங் மெஷின் துணியைக் குழாயாகத்தான் இறக்குகிறது. சிங்கிள் ஜெர்சி மெஷின் ஒன்றில் 2256 ஊசி, நூல் ஊட்டும் ஃபீடர் 90 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணியில் விரலை வைத்து, அதே நூலின் வழியே 2256 கண்ணி நகர்ந்தால் கிளம்பிய இடத்துக்கு வரமாட்டோம். அதே நெடுவரியில் 90 கோர்ஸ், அதாவது 90 குறுக்குவரி, தள்ளி நிற்போம். குழாய்க்கு இரு பக்கமும் முடிவே இல்லை என்று கொண்டால், 'பக்கத்தில் இத்தனை, மேலே இத்தனை' என்ற நகர்வுகள் எல்லாம் சேர்ந்து முடிவிலா எபீலியன் குலம் ஆகின்றன. எதை முதலில் செய்தாலும் சேருமிடம் ஒன்றுதான். 2256, 90 இரண்டுக்கும் மீ.பொ.வ. 6. ஆகவே இந்தக் குலம் முழு எண்களின் குலமும், ஆறு எண்ணியதும் மறுபடி தொடங்கும் சின்னக் குலம் ஒன்றும் சேர்ந்தது. ஃபீடர் ஒன்றுதான் என்றால் அந்த ஆறு மறைந்து வெறும் முழு எண்கள் மிஞ்சும். குழாயை வெட்டி, நாலாபக்கமும் முடிவில்லாத விரிப்பாக நினைத்துக்கொண்டால் கிடைப்பது முழு எண் ஜோடிகளின் குலம்.

முடிவுறு எண்ணிக்கையிலான உறுப்புகளிலிருந்து முளைக்கும் எந்த எபீலியன் குலமும் இப்படித்தான்: முழு எண்களின் சில நகல்கள், கூடவே சில முடிவுறு துண்டுகள், அவ்வளவே. இவ்வளவு முழுமையான விடை கணிதத்தில் அடிக்கடி வாய்ப்பதில்லை. அதன் வீச்சுக்கு ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் 1729-ஐயே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கனங்களின் கூடுதலாக அதை எழுத இரண்டு வழிகள்: 1-ம் 12-ம், 9-ம் 10-ம். கனங்களின் கூடுதல் 1729 ஆகும் ஜோடிகளைப் புள்ளிகளாக வரைந்தால் ஒரு வளைவு கிடைக்கும். அதில் இந்த இரண்டு ஜோடிகளின் புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்தால், கோடு வளைவை மூன்றாவதாக ஓரிடத்தில் வெட்டும். அங்கே புதிய விடை கிடைக்கும். 46-ன் கனத்திலிருந்து 37-ன் கனத்தைக் கழித்தால் 46,683; அதை 27-ஆல் வகுத்தால் 1729. இப்படிக் கோடு இழுத்துக்கொண்டே போகலாம். விகிதமுறு விடைகள் எல்லாம் சேர்ந்து ஓர் எபீலியன் குலம்; முடிவுறு எண்ணிக்கையிலான விடைகளே அதற்குப் போதும் என்பது கணிதவியலாளர் மார்டெல் 1922-ல் நிறுவியதிலிருந்து வருவது. 1729-க்கு அது முழு எண் ஜோடிகளின் குலமே. பனியன் துணி விரிப்பின் குலமும் அதுதான்.

பலமும் குறையும் இந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. துணிக்கு நிறுவிய தேற்றம் 1729-க்கும் பொருந்துவது லாபம். ஆனால் குலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எது துணி, எது 1729 என்று சொல்ல முடியாது. துவைத்ததும் டி-சர்ட்டின் பக்கத் தையல் முன்பக்கம் ஏறிக்கொள்ளும் ஸ்பைராலிட்டியைப் பாருங்கள்: ஃபீடர் எண்ணிக்கையால் வரும் சாய்வு குலத்தில் ஓரளவாவது தெரியும், நூலின் முறுக்கால் வருவது தெரியாது. எண்கோட்பாட்டிலும் இதே கதைதான். முழு எண்களின் நகல் எத்தனை என்பதை இந்த வகை வளைவுகள் எல்லாவற்றுக்கும் தவறாமல் கண்டுபிடிக்கும் என்று நிரூபிக்கப்பட்ட செய்முறை இன்றுவரை கிடையாது. வகைப்படுத்தும் தேற்றம் அந்த வேலைக்கு ஒரு துரும்பையும் கிள்ளிப்போடவில்லை.

முடிவுறு எண்ணிக்கையிலான உறுப்புகள் என்ற எல்லையைத் தாண்டினால் சங்கடம் கூடும். தன்னையே கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு உறுப்பும் என்றாவது பூஜ்யத்துக்குத் திரும்பும் எண்ணத்தக்க குலங்களை (உறுப்புகளை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தக்கூடியவற்றை) உல்ம் 1933-ல் ஒழுங்குபடுத்தினார். திரும்பவே திரும்பாதவை பிடி கொடுக்கவில்லை. 1954-ல் கப்லான்ஸ்கி இந்தத் துறைக்கே பரீட்சை வைத்தார்: ஒரு கொள்கை உருப்படியானதென்றால் சில எளிய கேள்விகளுக்காவது பதில் சொல்ல வேண்டும். ஒரு குலத்தின் இரண்டு நகல்களும் வேறொன்றின் இரண்டு நகல்களும் ஒரே அமைப்பு என்றால், அந்தக் குலங்களும் ஒன்றேதானா? பத்தே ஆண்டில் கார்னர் அதைவிட விபரீதமான ஒன்றைக் கட்டிக் காட்டினார்: தன் மூன்று நகல்களுக்குச் சமமான, ஆனால் இரண்டு நகல்களுக்குச் சமமல்லாத குலம். ஒரு நகலையும் மூன்று நகலையும் பிரித்தறிய முடியாத இடத்தில் பட்டியல் போட்டு என்ன பயன்?

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது ஷேலா 1974-ல் செய்தது. ஒரு குலத்தை முழு எண்களின் மேல் எப்படி ஏற்றிக் கட்டினாலும் கட்டுமானம் இரண்டாகப் பிரிந்துவிடுமானால், அந்தக் குலம் முழு எண் நகல்களை மட்டும் சேர்த்து ஆனதா என்பது வைட்ஹெட்டின் கேள்வி. வழக்கமான கணக் கோட்பாட்டின் அடிகோள்களைக் கொண்டு ஆம் என்றும் நிறுவ முடியாது, இல்லை என்றும் நிறுவ முடியாது என்று ஷேலா காட்டினார். இதைத் தோல்வி என்பவர்களோடு நான் உடன்படவில்லை. பௌலினியும் ஷேலாவும் 2024-ல் வெளியிட்ட கட்டுரையும் இந்த வகைதான்: பூஜ்யத்துக்குத் திரும்பாத எண்ணத்தக்க குலங்களை வகைப்படுத்துவது, எண்ணத்தக்க எந்தக் கணித அமைப்பையும் வகைப்படுத்துவது போலவே கடினம். 'இன்னும் முடியவில்லை' என்று இழுத்துக்கொண்டிருந்ததற்கு இப்போது சரியான அளவு தெரிகிறது.

என் குறை பாடம் நடத்தும் முறையில். தமிழ்நாட்டு எம்.எஸ்சி. வகுப்புகள் தலைமுறையாக நம்பியிருக்கும் ஹெர்ஸ்டைன் புத்தகத்தில் முடிவுறு எபீலியன் குலங்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. முடிவிலாதவை போகிறபோக்கில் வருபவை. தேற்றத்தை ஒப்பிக்கும் மாணவர், விகிதமுறு எண்களின் கூட்டல் குலத்தை ஏன் முடிவுறு எண்ணிக்கையிலான உறுப்புகளிலிருந்து உண்டாக்க முடியாது என்று கேட்டால் விழிப்பார். நாலு வரி நிரூபணம் அது: எடுத்துக்கொண்ட பின்னங்களின் பகுதிகளுக்குப் பொது மடங்கு ஒன்றைக் கண்டுபிடித்து, அதை வகுக்காத பகா எண் ஒன்றைப் பகுதியில் வைத்தால் போதும்.