பின்விளக்கும் அதன் பிடிமானமும்



மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், காட்டுப்பாக்கத்தருகே இரவில் சற்று நேரம் நின்று, கடந்து போகும் சைக்கிள்களைக் கவனியுங்கள். பலவற்றில் பின்விளக்கே இராது. சிலவற்றில் உரிமையாளர் தாமே செய்து பொருத்திய சிவப்பு விளக்கைக் காணலாம். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் தொடங்கப்பட்ட நாள் முதல் சைக்கிளோடு பழகிய வட்டாரம் இது. இங்கே இத்தகைய கைவேலை வியப்பன்று, பாராட்டுக்குரியதே. ஆயினும் விளக்கில் காட்டிய அக்கறையைப் பலர் அதன் பிடிமானத்தில் காட்டுவதில்லை.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம் ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆனால் 21 மீட்டர். வண்டி நிற்க, உலர்ந்த சாலையிலேயே இன்னும் 15 மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே நம் விளக்கு 40 மீட்டர் தொலைவிலாவது அவர் கண்ணில் பட வேண்டும்.

இங்கேதான் முதற்குறை. மட்கார்டின் தகடு மெல்லியது. அதில் ஒரே போல்ட்டில் மாட்டிய விளக்கு, சாலையின் குலுக்கலில் மெல்லத் தலைகுனிகிறது. 70 செ.மீ. உயரத்திலுள்ள விளக்கு 5 பாகை மட்டும் சாய்ந்தால், அதன் நடுக்கதிர் 8 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். விளக்கு எரியும், ஆனால் தொலைவில் வருபவருக்கு மங்கலாகவே தெரியும்.

இரண்டாவது, நீண்ட பட்டை. ஒரு முனையில் பிடித்த பட்டையின் மறுமுனையில் எடை தொங்கினால், வளைவு நீளத்தின் மும்மடிக்கேற்பக் கூடுகிறது. நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகும். தடிப்பை இரட்டிப்பாக்கினாலும் அதே பயன். குலுக்கல் தொடர்ந்தால் உலோகம் அயர்ந்து, போல்ட்டுத் துளையருகே விரிசல் விடும்.

மூன்றாவது குறையே மிகப் பெரியது. ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் விளக்கை மாட்டுகிறார்கள். ரிஃப்ளெக்டரினுள் உள்ள சிறு மூலைகள், ஒளி சற்றுச் சாய்வாக வந்தாலும் அதை வந்த திசைக்கே திருப்பியனுப்புகின்றன. விளக்குக்கு இந்தப் பொறுமை கிடையாது. பேட்டரி தீர்ந்த இரவில் நம்மைக் காப்பது அந்தச் சிவப்பு வில்லைதான். அதே சமயம், முன்விளக்கில்லாமல் வருபவருக்கு ரிஃப்ளெக்டர் பயன்படாது. எனவே இரண்டும் வேண்டும்.

அப்படியானால் எங்கே பொருத்துவது? சீட்டின் கீழ் மாட்டினால் கேரியர் மூட்டை மறைக்கும். கேரியரின் பின்சட்டத்தில், மூட்டைக்குக் கீழே, வலப்பக்கம் பொருத்துவது நலம். 3 மி.மீ. தடிப்புள்ள குட்டையான இரும்புப் பட்டை போதும். திரும்பிவிடாதபடி இரண்டு போல்ட்டுகள், ஸ்பிரிங் வாஷர், அதிர்வைத் தணிக்கப் பழைய டியூப் துண்டு ஆகியவற்றைச் சேருங்கள். டியூப் துண்டை மட்டும் கொண்டு விளக்கைக் கட்டாதீர்கள். வெயிலில் ரப்பர் தளர்ந்துவிடும்.

பிறகு ஒரு சோதனை. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, சமதளத்தில் சைக்கிளை நிறுத்துங்கள். ஸ்டாண்டு போடாதீர்கள், பின்சக்கரம் உயர்ந்து கணக்குத் தவறிவிடும். விளக்கின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். ஒளியின் நடு அக்குறியில் விழ வேண்டும். 5 பாகை சாய்ந்திருந்தால் சுமார் 44 செ.மீ. கீழே விழும். மாதமொருமுறை இதைச் செய்து பாருங்கள்.