'மைனஸ் மைனஸ் பிளஸ்': நாம் சொல்லிக் கொடுக்கும் ஒரு வாசகம் பற்றி

−4 − 6 − (−9). இந்தக் கணக்குக்குப் படிவம் ஒன்று மாணவன் ஒருவன் 19 என்று விடை எழுதியிருந்தான். எப்படி வந்தது என்று கேட்டேன். "டீச்சர், மைனஸ் மைனஸ் பிளஸ்தானே? நாலும் ஆறும் பத்து. அப்புறம் ஒன்பது. மொத்தம் பத்தொன்பது." கொஞ்சமும் தயக்கம் இல்லை. சரியான விடை −1.

நான் கணித ஆசிரியர் இல்லை, தமிழ்தான் கற்பிக்கிறேன். ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் படிவம் ஒன்றின் முதல் பாடமான 'நொம்போர் நிஸ்பா'வில் திணறும்போது, தமிழில் விளக்கம் கேட்டு நம்மிடமும் வருகிறார்கள். நாமும் இந்த வாசகத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்று இன்னும் சுவையாகச் சொல்பவர்களும் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் அந்த 19-இல் எனக்கும் பங்கு இருக்கிறது.

வாசகத்தில் என்ன குறை? அது பொய் இல்லை, பாதி உண்மை. 7 − (−3) என்பதை 7 + 3 என்று மாற்றலாம். அங்கே இரண்டு குறிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நடுவில் எண் இல்லை. −7 − 3 இல் அப்படி இல்லை. ஆனால் வாசகம் இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. ரெண்டு மைனஸ் கண்ணில் பட்டால் போதும், மாணவன் பிளஸ் போட்டுவிடுகிறான். பெருக்கலில் (−7) × (−3) = 21 என்று படித்ததும் இதோடு கலந்துவிடுகிறது. பிரம்மகுப்தர் 628-இல் நேர் எண்ணைச் செல்வம் என்றும் எதிர் எண்ணைக் கடன் என்றும் பெயரிட்டு விதிகள் எழுதியபோது, கூட்டலுக்கு, கழித்தலுக்கு, பெருக்கலுக்கு என்று தனித்தனியாகத்தான் எழுதினார். நாம்தான் எல்லாவற்றையும் மூன்று சொல்லில் அடக்கப் பார்த்தோம்.

இன்னொரு சிக்கல் மொழியில் இருக்கிறது. 'மைனஸ்' என்ற ஒரே சொல், எண்ணின் குறிக்கும் பெயர், செய்யும் வேலைக்கும் பெயர். மலாயில் இரண்டு சொல் உண்டு: எண்ணுக்கு 'நெகாத்திஃப்', வேலைக்கு 'தோலாக்'. தமிழிலும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'குறை' என்கின்றன, இலங்கையில் 'மறை' என்கிறார்கள், நாம் 'எதிர்' என்று வைத்துக்கொள்ளலாம். எந்தச் சொல் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. 'கழி' என்பது வேலைக்கு மட்டும் இருக்கட்டும்.

இப்போது கணக்கை வாக்கியமாகப் படிக்கச் சொல்லுங்கள். 7 − (−3): "ஏழிலிருந்து எதிர் மூன்றைக் கழி." −7 − 3: "எதிர் ஏழிலிருந்து மூன்றைக் கழி." நம் இலக்கணம் இங்கே நல்லாவே வேலை செய்கிறது. 'இருந்து' வந்தால் ஐந்தாம் வேற்றுமை, நீங்கல் பொருள். எதிலிருந்து நீங்குகிறது என்று தெரிகிறது. 'ஐ' வந்தால் இரண்டாம் வேற்றுமை; எது நீங்குகிறது என்று தெரிகிறது. இரண்டாவது வாக்கியத்தில் நீங்குவது வெறும் மூன்றுதான், எதிர் மூன்று இல்லை. குறியை மாற்ற அங்கே காரணமே கிடையாது.

சரி, எதிர் மூன்றைக் கழித்தால் ஏன் கூடுகிறது? மின்தூக்கியும் அடித்தள மாடியும் இதற்கு உதவாது. ஏறி இறங்குவதைக் காட்டலாம், ஒரு மாடியை எப்படிக் கழிப்பது? கடன் கணக்கு நன்றாக உதவுகிறது, ஆனால் முழுசாகச் சொல்ல வேண்டும். கையில் 10 வெள்ளி, கேன்டீன் அக்காவிடம் 3 வெள்ளி பாக்கி. அப்படியென்றால் அவனுக்கு உண்மையில் சொந்தம் 7. அக்கா, "பரவாயில்ல தம்பி, விடு" என்று பாக்கியை நீக்கிவிட்டால் 10-உம் அவனுடையது. 7 − (−3) = 10. யாரும் கையில் காசு கொடுக்கவில்லை. கடன் போனதே வரவு. அதே பையன் கையில் காசே இல்லாமல் 7 வெள்ளி பாக்கி வைத்திருந்து, இன்னும் 3 வெள்ளிக்கு நாசி லெமாக் வாங்கினால்? −7 − 3 = −10. இதைக் கேட்டபின் 10 என்று யாரும் எழுதுவதில்லை.

நம்பாத பிள்ளைகளுக்கு ஒரு வரிசை: 5 − 2 = 3, 5 − 1 = 4, 5 − 0 = 5. அடுத்தது 5 − (−1). விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு: இந்தத் தவறு படிவம் ஒன்றோடு நிற்பதில்லை. −2x − 3x என்பதை 5x என்று எழுதும் கை இதே கைதான். எஸ்.பி.எம். தாளில் வழிமுறை எல்லாம் சரியாக இருந்து, ஒரு குறியால் விடை கெட்டுப்போகும். அடைப்புக்குறியை நீக்கும் வரியை மனத்தில் செய்யாதீர்கள், எழுதுங்கள்: −4 − 6 − (−9) = −4 − 6 + 9 = −10 + 9 = −1.

வகுப்பில் செய்து பார்க்க நான்கு கணக்குகள். முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பிறகுதான் பேனா.

−9 − 4
−9 − (−4)
9 − (−4)
4 − 9

விடைகள் −13, −5, 13, −5. இரண்டாவதும் நான்காவதும் ஏன் ஒன்றாக வருகின்றன என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் அந்த ஒரு கேள்விக்கே பாதி நேரம் போய்விட்டது.