தலைக்கணக்கும் மனிதக்கணக்கும்

ஒரு படத்தில் எத்தனை இனத்தார் தோன்றுகின்றனர் என்று விரல்விட்டெண்ணி, அதைக் கொண்டே அதன் நேர்மையை அளக்கும் வழக்கம் நம்மவரிடையே வலுத்து வருகிறது. இவ்வளவுகோல் பழுதுடையது என்பதே நமது அபிப்பிராயம்.

2009-ஆம் ஆண்டில் காலஞ்சென்ற யாஸ்மின் அகமது, அவ்வாண்டில் வெளிவந்த '15மலேசியா' என்னும் குறும்பட வரிசைக்கு எடுத்தளித்த 'சாக்லெட்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மளிகைக் கடை. அதில் நிற்கும் சீன இளைஞன். சாமான் வாங்க வரும் மலாய்ப் பெண். உள்ளிருந்து ஒலிக்கும் தாயின் குரல். கதை சில நிமிஷங்களில் முடிகிறது. இதில் தமிழன் எங்கே என்று கேட்போர் உண்டு. நாமோ, வந்த இருவரும் மனிதராக வந்திருக்கின்றனரா என்றே கேட்கிறோம். வந்திருக்கின்றனர். அவர்களுக்கு ஆசையும் கூச்சமும் உண்டு. இனங்களுக்கிடையே படிந்த கசப்பும் மறைக்கப்படவில்லை. பண்டிகை விளம்பரங்களில் மூவினத்தாரும் கைகோத்துச் சிரிக்கும்போது தமிழனுக்கு முகம் உண்டு, வாய் இல்லை. அதனினும் இச்சிறு படமே மேல்.

ஆயினும் நம்மை விட்டு எடுத்த நல்ல படத்தால் நம் குறை தீர்ந்துவிடாது. நம் கதையை நாமே சொல்லவேண்டும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த 'ஜகாட்' அவ்வாறு சொன்னது. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழரிடையே வளரும் அப்போய் என்னும் சிறுவனையும், அடிக்கும் தகப்பனையும், குண்டர் கூட்டத்தில் சேர்ந்த சிற்றப்பனையும் அது ஒளிக்காமல் காட்டிற்று. 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவிலோ, உரையாடலில் நூற்றுக்கு எழுபது பங்கு மலாய் இல்லாத படங்களை வேறு பந்தியில் உட்கார வைக்க முற்பட்டனர். மலாய்க் கலைஞர்களும் சேர்ந்து கண்டித்த பின்னரே, எல்லா மொழிக்கும் பொதுவாகச் சிறந்த மலேசியப் படம் என்னும் விருது ஏற்பட்டது. அவ்விருதைப் பெற்றது 'ஜகாட்'டேயாம்.

இனி நம் முதுகையும் சற்றுப் பார்ப்போம். கோலா தெர்லா முதலிய கேமரன் மலை ஊர்களைப் படம் பிடிப்போருக்குத் தேயிலைச் சரிவு பச்சைக் கம்பளமாகவும், கொழுந்து பறிப்பவள் அதிலொரு புள்ளியாகவுமே தென்படுகின்றனர். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார் என்று படித்தவர் கூறுவர். காட்டை வெட்டிய கூலிகளில் ஒருவன் பெயரையேனும் கூறுவோர் எத்தனை பேர்? இது நியாயமான மனத்தாங்கலே. ஆனால் இன்று அச்சரிவுகளில் வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் உழைக்கின்றனர். நமக்கு வெகு காலம் முன்பே அம்மலையில் வாழ்ந்துவரும் பூர்வகுடி மக்களும் உள்ளனர். நம் இளைஞர் கைத்தொலைபேசியால் எடுக்கும் குறும்படத்தில் இவர்களுக்குப் பெயர் உண்டா, வசனம் உண்டா? நம் லயத்துப் பெண்ணுக்கேனும் அழுகை தவிர வேறு தொழில் உண்டா? நம்மிடையே இன்னும் சாகாத ஜாதியைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

பிறர் படத்தில் இடம் கேட்பது நமது உரிமை. ஆனால் நம் படத்தில் பிறரைப் புள்ளியாக்கிவிட்டு அவ்வுரிமையைக் கேட்போமாகில், கேட்பவர் சிரிப்பர். ஆதலின் இம்மலையில் கருவியைக் கையிலெடுக்கும் இளைஞர், முதலில் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பவனின் பெயரைக் கேட்டறிவாராக.